மூன்று மொழி ஃபைனல் ப்ராஜெக்ட் புத்தகம்: தமிழ் உடையுது, கறுப்பு மங்குது. அச்சுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

கித்தாப்பொண்ணு (சுங்கை சிப்புட்)

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. கிராஃபிக் டிசைன் டிப்ளோமா, கடைசி செமஸ்டர். ஃபைனல் ப்ராஜெக்டா நம்ம மலேசிய ரப்பர் தோட்டத்துச் சொற்களுக்கு ஒரு படக் கையேடு செய்யறேன். மங்கு (பால் சேருற கிண்ணம்), காண்டா வாளி, ஒட்டுப்பால் (மரத்துல உறைஞ்ச பால்), பெரட்டு (காலையில ஆள் கணக்கெடுப்பு), ஆயாக் கொட்டகை, நிரை (மர வரிசை), கிராணி (கணக்கர்), லயம் (தொழிலாளர் வரிசை வீடு) இப்படி 40 சொல். பக்கத்துக்கு ஒரு சொல், ஒரு படம், தமிழ் மலாய் ஆங்கிலம் மூணுலயும் நாலஞ்சு வரி விளக்கம். ஏ5 அளவு, 48 பக்கம், 10 பிரதி. கண்காட்சிக்கு 5 வாரம் இருக்கு.

பிரச்சினை இதுதான்:

இல்லஸ்ட்ரேட்டர்ல தலைப்பு அடிச்சா "கொட்டகை"ன்னு வரமாட்டேங்குது. கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்குது. இன்டிசைன்லயும் அப்படியே. சில இடத்துல வெறும் பெட்டி பெட்டியா வருது. தோட்டத்துல ஒருத்தர் பழைய கம்ப்யூட்டர்ல அடிச்சுக் கொடுத்த நாலு பக்கம் ஒட்டினா ஆங்கில எழுத்தும் குறியுமா கொட்டுது.

டவுன்ல பேனர் கடையில ரெண்டு பக்கம் சோதனைக்கு அடிச்சேன். தமிழ் எழுத்தோட சுழியெல்லாம் மங்கலா, ஓரத்துல லேசா சிவப்பு நீலம் தெரியற மாதிரி இருக்கு. மலாய் வரி அவ்வளவு மோசமில்லை.

தாள் எது, பைண்டிங் எது, கடைக்கு எந்த ஃபைல் கொடுக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

——

எழுத்தச்சு

உங்கள் கோளாறு மூன்றும் மூன்று வெவ்வேறு நோய். ஒரே மருந்து தேடினால் ஐந்து வாரமும் போய்விடும்.

கொம்பு இடம் மாறினால் மென்பொருளின் எழுத்து அடுக்கும் இயந்திரம் தவறு. யூனிகோடில் "கெ" என்பது முதலில் க, அப்புறம் கொம்பு என்றுதான் சேமிக்கப்படுகிறது. திரையில் அதை முன்னால் தூக்கி வைப்பது மென்பொருளின் வேலை. அடோபியில் அந்த இயந்திரத்துக்குப் பெயர் கம்போசர், சாதாரண கம்போசர் அதைச் செய்யாது. ஃபான்ட்டை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை.

இல்லஸ்ட்ரேட்டரில்: பிரிஃபரன்சஸ், டைப் போய் "ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்" டிக் செய்யுங்கள். பிறகு எழுத்தைத் தேர்ந்து, பாராகிராஃப் பேனலின் மூலை மெனுவில் "மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்" என்று தொடங்கும் கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். முதல் படி மட்டும் செய்தால் மெனுதான் வரும், எழுத்து சரியாகாது. பலரும் அங்கேயே நின்றுவிட்டு "செய்து பார்த்தேன், வரவில்லை" என்பார்கள்.

இன்டிசைனில்: ஒவ்வொரு பெட்டியாக மாற்றாதீர்கள். பாராகிராஃப் ஸ்டைல் ஆப்ஷன்ஸ், ஜஸ்டிஃபிகேஷன், அதன் கீழே கம்போசர் என்ற இடத்தில் "அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்". தமிழ் ஸ்டைல் எல்லாவற்றுக்கும் இது. எந்த ஃபைலும் திறக்காத நிலையில் பாராகிராஃப் பேனலில் இதையே தேர்ந்துவிட்டால் இனி திறக்கும் புது ஃபைல்களுக்கும் அதுவே நிற்கும்.

பெட்டி பெட்டியாக வந்தால் அந்த ஃபான்ட்டில் தமிழே இல்லை என்று பொருள். ஆங்கிலத்துக்கு வைத்த ஃபான்ட் தமிழ் வரியிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பெரியவர் அடித்த நாலு பக்கம் பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் இருக்கும். அது ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்த ஏற்பாடு. யூனிகோட் மாற்றியில் போட்டு மாற்றுங்கள், பிறகு ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள். மாற்றி கண்டுபிடிக்காத பிழை ஒன்று உண்டு: "ஔ" வரிசையில் கொம்புக்குப் பின்னால் "ள" என்ற முழு எழுத்தை அடித்திருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், தேடினால் கிடைக்காது. "ர"வும் துணைக்காலும் அதேபோல் இடம் மாறியிருக்கும்.

ஃபான்ட் விஷயம். முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, அனெக் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், அச்சிட்டு விற்கவும் தடை இல்லாத திறந்த உரிமம். முதல் நான்கில் லத்தீன் எழுத்தும் அதே கையால் சேர்த்து வரையப்பட்டிருக்கிறது. மலாய்க்குத் தனியாக மேற்குறி எதுவும் தேவையில்லை என்பதால் அந்த லத்தீனே போதும். மேக் கணினி என்றால் "தமிழ் சங்கம் எம்என்" ஏற்கெனவே உள்ளே இருக்கும். அந்த எம்என் நம் நாட்டு எழுத்துரு வடிவமைப்பாளர் முத்து நெடுமாறனைக் குறிக்கிறது. உங்கள் ப்ராஜெக்ட் அறிக்கையில் ஒரு வரி எழுத உதவும்.

மூன்று மொழிக்கும் ஒரே பாயின்ட் அளவு கொடுக்காதீர்கள். ஒரே எண்ணில் வைத்தால் தமிழ் பெரிதாகவும் கனமாகவும் முன்னால் வந்து நிற்கும். மலாய் 10 பாயின்ட் என்றால் தமிழ் 8.5 முதல் 9. ஆனால் வரி இடைவெளியில் தமிழுக்குத் தாராளம் வேண்டும். "ணூ", "ஞு", "ழு" எல்லாம் கீழே இறங்குகிற எழுத்துகள், "கீ", "நீ" மேலே ஏறுபவை. 9 பாயின்ட் தமிழுக்கு 14 வையுங்கள். மலாய் 10க்கும் 14 வைத்தால் மூன்று பத்தியும் ஒரே கோட்டில் உட்காரும்.

ஒரே பத்தியில் தமிழும் மலாயும் கலந்து வந்தால் இன்டிசைனில் கிரெப் ஸ்டைல் (குறிப்பிட்ட எழுத்துகளைத் தானே தேடிப் பிடிக்கும் விதி) போடுங்கள். சதுர அடைப்புக்குள் [ஃ-௺], அதன் பின்னால் ஒரு + குறி. அந்த வரம்பு உயிர், மெய், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். அதற்குத் தமிழ் கேரக்டர் ஸ்டைலைக் கட்டிவிட்டால் அளவும் ஃபான்ட்டும் தானாக மாறும்.

தமிழ்ப் பத்தியை இருபுறமும் சமமாக இழுக்க வேண்டாம். ஏ5-இல் மூன்று மொழி என்றால் பத்தி குறுகலாகத்தான் இருக்கும். "பெரட்டுக்களத்திலிருந்து" போல ஒரு சொல் வந்தால் மேல் வரி பல் விழுந்த மாதிரி ஆகிவிடும். இடப்பக்கம் மட்டும் சீராக விடுங்கள். சாய்வெழுத்து, போலி தடிப்பு இரண்டும் தமிழில் வேண்டாம். அழுத்தம் வேண்டுமானால் அதே குடும்பத்தின் தடித்த எடையை எடுங்கள்.

இன்னொன்று: பழைய பெயர்ப்பலகையைப் பார்த்து தலைப்பு எழுத்து வரைவதாக இருந்தால் "லை", "ணை", "னை", "றா", "னா" எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கும். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978-இல். பழைய வடிவத்தை எடுத்தால் புத்தகம் முழுக்கத் தலைப்பில் அதையே எடுங்கள். அரைகுறையாகக் கலந்தால் பிழை என்றுதான் நினைப்பார்கள்.

——

சிமிலி100

எழுத்தச்சு சொன்னது திரை வரைக்கும் சரி. மங்கல் ஏன்னு நான் சொல்றேன் தங்கச்சி.

உன் கறுப்பு கறுப்பு இல்ல. ஆர்ஜிபி (திரை நிறம்) ஃபைல்ல கறுப்பு எழுத்தடிச்சு சிஎம்ஒய்கேக்கு (அச்சு மை நாலு) மாத்தினா அது சியான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90ன்னு நாலு மையா பிரியும். நாலும் ஒரு மயிரிழை நகர்ந்தாலே ஓரத்துல சிவப்பு நீலம் எட்டிப் பார்க்கும். மலாய் எழுத்துல நேர்க்கோடு அதிகம், பெருசா தெரியாது. தமிழ்ல ஒவ்வொரு எழுத்துலயும் சுழி. சுழிக்குள்ள வெள்ளை ஒரு கடுகு அளவு, அது அடைச்சுக்கும்.

சரி பண்றது: எழுத்து எல்லாம் கறுப்பு 100, மத்த மூணும் 0. வேர்டுல இருந்து ஒட்டினதுல ஆர்ஜிபி கறுப்பு கூடவே வந்திருக்கும், ஸ்வாட்ச் பேனல்ல பயன்படாததைத் தூக்கி மிச்சத்தைப் பார். அப்புறம் விண்டோ, அவுட்புட், செபரேஷன்ஸ் ப்ரிவியூ திறந்து கறுப்புத் தட்டை மட்டும் அணை. பக்கத்துல எந்த எழுத்து இன்னும் தெரியுதோ அதுதான் திருடன். 48 பக்கமும் பார்க்க பத்து நிமிஷம் ஆகாது.

பெரிய கறுப்புப் பரப்புக்கு மட்டும் மத்த மையும் சேர்த்துக்கோ, சியான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100. கூட்டினா 240. 300 தாண்ட விடாதே. அந்தப் பரப்பு மேல வெள்ளையில தமிழ் சின்ன எழுத்து வைக்காதே, வைச்சா 11 பாயின்டுக்குக் குறையாம, மீடியம் எடையில.

நீலம் ஒண்ணு ஜாக்கிரதை. சியான் 100 மெஜந்தா 100 வைச்சா திரையில நீலம், தாள்ல கத்தரிப்பூ. மெஜந்தாவை 70க்குக் கீழ இறக்கு.

அடுத்தது கடை. பேனர் கடை மெஷின் பேனருக்கு. கண்காட்சிக்கு 2க்கு 6 அடி பண்டிங் (நெட்டுவாக்குல வைக்கிற பேனர்) வேணும்னா அங்கேயே அடி, அதுக்கு 100 பிபிஐ (அங்குலத்துக்கு 100 பிக்சல்), அதாவது 2400க்கு 7200 பிக்சல் போதும். புத்தகத்துக்கு ஈப்போ போய் டிஜிட்டல் பிரஸ் இருக்கிற கடையைப் பிடி. 10 பிரதிக்கு ஆஃப்செட் கேட்கவே கேட்காதே, தட்டு போடற செலவே உன்னை முழுங்கும்.

தாள்: உள்பக்கம் 100 கிராம் சிமிலி (பளபளப்புப் பூச்சு இல்லாத தாள்), அட்டை 250 அல்லது 260 கிராம் ஆர்ட் கார்டு, மேட் லாமினேஷன். அட்டை மடிக்கும் முன்னாடி கோடு அழுத்தித்தான் மடிக்கணும்னு கடையில வாய்விட்டுச் சொல்லு. சொல்லலைன்னா முதுகுல டோனர் வெடிச்சு வெள்ளைக் கீறல் விழும்.

48 பக்கம் 4ஆல வகுபடுது, அதனால நடுவுல ஸ்டேப்பிள் போடலாம். ஏ4 தாள் 12 மடிஞ்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு உட்காரும். சிமிலி 100 ஒரு தாள் சுமார் 0.13 மில்லிமீட்டர், 12க்கு ஒன்றரை மில்லி. நடுத்தாள் அந்த அளவு வெளிய பிதுங்கும், வெட்டும்போது அது போயிடும். அதனால வெளி ஓரத்துல இருந்து 10 மில்லி உள்ளேயே பக்க எண்ணை வை. ஓரத்தை ஒட்டி 4 மில்லியில வைச்சா நடுப் பக்கங்கள்ல எண் விளிம்புல தொங்கும்.

கொடுக்க வேண்டிய ஃபைல்: தனித்தனிப் பக்கமா பிடிஎஃப், ஜோடிப் பக்கமா இல்ல. நாலு பக்கமும் 3 மில்லி ப்ளீட் (வெட்டுக்கோட்டுக்கு வெளிய நீளுற பகுதி), அதாவது 148க்கு 210 பக்கம் பிடிஎஃப்ல 154க்கு 216ஆ வரணும். அச்சுக்கான பிடிஎஃப் வகை பிடிஎஃப்/எக்ஸ்-4 இல்லன்னா எக்ஸ்-1ஏ. எக்ஸ்போர்ட் பண்ணும்போது "யூஸ் டாக்குமென்ட் ப்ளீட் செட்டிங்ஸ்" டிக் பண்ண மறந்துடறாங்க, பாதி ஃபைல் அதனாலதான் திரும்பி வருது.

முக்கியமா, கடையில அந்தப் பிடிஎஃப்பை இல்லஸ்ட்ரேட்டர்லயோ கோரல்லயோ திறக்க வேண்டாம்னு எழுதிக் கொடு. திறந்தா அவங்ககிட்ட ஃபான்ட் இருக்காது, தமிழ் திரும்ப உடையும், அவங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அப்படியே அடிச்சிடுவாங்க. அட்டையையும் பண்டிங்கையும் மட்டும் எழுத்தை அவுட்லைனா மாத்தி ஒரு பிரதி கொடு. மூல ஃபைலை அவுட்லைன் பண்ணிச் சேமிச்சுடாதே!

——

எழுத்தச்சு

சிமிலியில் ஒரு தயக்கம். கருவிகளின் நெருக்கப் படம் மந்தமாகும். 128 கிராம் ஆர்ட் பேப்பரில் மங்கின் உட்புறம், கத்தியின் வாய் எல்லாம் தெளிவாக வரும்.

——

சிமிலி100

வரும். கண்காட்சி விளக்குல பளபளன்னு கண்ணையும் கூசும், பாதி விளக்கம் படிக்க முடியாது. இது படிக்கிற புத்தகம். சிமிலியிலதான் அடிக்கணும், படத்தோட நடு இருட்டை மட்டும் கர்வ்ஸ்ல கொஞ்சம் தூக்கி வெளிச்சமாக்கிக் கொடு. வாதம் வேண்டாம்னா ரெண்டு தாள்லயும் ஒரே பக்கத்தை அடிச்சுப் பார்த்து முடிவு பண்ணுங்க.

——

கித்தாப்பொண்ணு

ரொம்ப நன்றி. கம்போசர் மாத்தினதும் "கொட்டகை" நிமிர்ந்துடுச்சு. கறுப்புத் தட்டை அணைச்சா 19 பக்கத்துல எழுத்து இன்னும் நிக்குது!

இன்னும் ரெண்டு கேள்வி. லெக்சரர் முதுகு வைச்சு பெர்ஃபெக்ட் பைண்ட் (முதுகுல பசை போட்டு ஒட்டுற கட்டு) பண்ணச் சொல்றாங்க. அப்புறம் பாதிப் படம் வாட்சாப்ல வந்தது, மீதி பழைய ஃபோட்டோ. முழுப் பக்கத்துக்கு வைக்கலாமா?

——

சிமிலி100

48 பக்கம்னா 24 இலை. 24ஐ 0.13ஆல பெருக்கினா 3.1 மில்லி. அது முதுகு இல்ல, கோடு. பசை பிடிக்க இடமில்லாம நடு இலை கழண்டு வரும், அதுல எழுத்தும் வைக்க முடியாது. லெக்சரருக்கு முதுகு கட்டாயம்னா பக்கவாட்டுல துளை போட்டு நூலால கட்டு. 10 பிரதி கையாலயே முடியும். ஆனா கட்டுப் பக்கம் 15 மில்லி விளிம்பு விடணும், ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பரந்த படம் ஒண்ணும் வைக்கக் கூடாது. இப்பவே முடிவெடு. லேஅவுட் முடிஞ்ச பிறகு கட்டை மாத்தினா எல்லா விளிம்பும் மாறும்.

படக் கணக்கு: வாட்சாப்ல சாதாரணமா அனுப்பின படம் நீளப்பக்கம் 1600 பிக்சல் வாக்குல சுருங்கியிருக்கும். 300ஆல வகுத்தா 5.3 அங்குலம், 13.5 சென்டிமீட்டர். உன் பக்கம் ப்ளீடோட 21.6 சென்டிமீட்டர் உயரம். இழுத்தா 188 பிபிஐ. லயத்து வாசல்ல நிக்கிற பழைய குடும்பப் படம்னா சிமிலியில தாங்கும். கத்தி, மங்கு நெருக்கப் படம் தாங்காது. அனுப்பினவங்ககிட்ட அதே படத்தை டாக்குமென்ட்டா திரும்ப அனுப்பச் சொல்லு, மூல அளவுல வரும்.

பழைய 3ஆர் ஃபோட்டோ 5 அங்குலம். முழுப் பக்கத்துக்கு 1.7 மடங்கு பெருசாகும், அதனால 300 இல்ல, 600 பிபிஐயில ஸ்கேன் பண்ணு, டிஃப்ஆ சேமி. ஆல்பம் பிளாஸ்டிக்ல ஒட்டிப்போச்சுன்னா உரிக்காதே. நிழல் வெளிச்சத்துல ஃபோனை நேரா மேல பிடிச்சு எடு, ஃபிளாஷ் வேண்டாம்.

——

பழைய_நிரை

தாள் கணக்கு எனக்குத் தெரியாது, மரக் கணக்கு சொல்கிறேன் பிள்ளை. பால்மரம் வெட்டும் படம் வைக்கிறாய் அல்லவா? பார்ப்பவருக்கு வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே சரிய வேண்டும். பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக ஓடுவதில்லை, லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறும். அதனால் இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபடும். பால் வழிந்து சேர்வது வலக்கோடியில், மங்கும் அங்கேதான். டிசைன் பிள்ளைகள் பக்கம் அழகாக இருக்கட்டும் என்று படத்தை இடவலமாகத் திருப்பிவிடுவார்கள். தோட்டத்துக்காரன் முதல் பார்வையிலேயே சிரிப்பான். படமாக வரைந்ததையும் இதே கண்ணால் பார்.

சொல் எழுத்திலும் ஒரு முடிவு எடு. "பெரட்டு" என்றும் எழுதுகிறார்கள், "பிரட்டு" என்றும் எழுதுகிறார்கள். ஒன்றைத் தேர்ந்து 48 பக்கமும் அதையே போடு. கித்தா (ரப்பர்) மலாய் கெத்தாவிலிருந்து வந்தது, காண்டா கண்டாரிலிருந்து, கிராணிக்கு மலாயில் கெரானி. மூன்று மொழிப் புத்தகத்தில் இந்த உறவைக் காட்டாமல் விட்டால் மூன்று மொழி எதற்கு? அந்தச் சொற்களுக்கு மலாய் வரியும் தமிழ் வரியும் எதிரெதிரே நிற்கிற மாதிரி வை.

விளக்கங்களை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுக்காதே. மங்கு என்றால் பீங்கான் பாத்திரம் என்று சொல்லும். ஒட்டுப்பாலுக்கு என்ன சொல்லும் என்று கேட்கவே வேண்டாம்.

——

ஈப்போ_ஃப்ரீலான்ஸ்

யாரும் சொல்லாத ஒண்ணு: கல்லூரி முடிஞ்சதும் உங்க மாணவர் அடோபி கணக்கு அணையும், கல்லூரி மெயிலும் டிரைவும் கூடவே போகும். எந்தத் தேதின்னு ஐடி அலுவலகத்துல இப்பவே கேட்டு வையுங்க.

அதுக்கு முன்னாடி ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் ஃபைல், பேக்கேஜ் ஓட்டுங்க. அடோபி ஃபான்ட்ஸ்ல இருந்து எடுத்த எழுத்துரு அந்தப் பொதியில சேராது, கணக்கோட போயிடும். மேல சொன்ன கூகுள் ஃபான்ட்டுகள்ல அந்தத் தொல்லை இல்ல. கூடவே ஐடிஎம்எல் (பழைய இன்டிசைன்லயும் திறக்கிற ஃபைல் வகை) ஒண்ணு, அச்சுப் பிடிஎஃப் ஒண்ணு, இல்லஸ்ட்ரேட்டர் படங்களுக்கு எஸ்விஜி ஒண்ணு. டிரைவ்ல இருக்கிறதை கூகுள் டேக்அவுட்ல இறக்குங்க. வெளி டிஸ்க் ரெண்டுல வைங்க, ஒண்ணு வீட்டுல, ஒண்ணு வேற இடத்துல.

அடோபி இல்லாத மாசங்களுக்கு இன்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் 1.6 ரெண்டும் இலவசம், ரெண்டுலயும் தமிழ் உடையாது. ஸ்கிரைபஸ் முகம் பழசு, பழகிக்கலாம்.

போர்ட்ஃபோலியோவுக்கு இந்தப் புத்தகத்தோட 48 பக்கமும் வேண்டாம். அகலவாக்குல 1920க்கு 1080 பக்கம், மொத்தம் 5 அல்லது 6 ப்ராஜெக்ட், 10 எம்பிக்குள்ள. கேஎல் ஏஜென்சியில பார்க்கிறவருக்குத் தமிழ் தெரியாதுன்னு வைச்சுக்கிட்டு, ஒரு பக்கத்தைப் பெருசாக்கி மூணு மொழி வரியும் ஒரே கோட்டுல உட்கார்ந்ததைக் காட்டுங்க. கொம்பு உடைஞ்ச படமும் சரியான படமும் பக்கத்துல பக்கத்துல ஒரு ஸ்லைடு. தமிழ் தெரியாதவருக்கும் அது புரியும்.

——

கித்தாப்பொண்ணு

ஐயா, மூணு படம் திருப்பியிருந்தேன். நேராக்கிட்டேன். ஸ்டேப்பிள்னு லெக்சரர்கிட்ட 3.1 மில்லி கணக்கைக் காட்டி ஒத்துக்க வைச்சாச்சு. அண்ணே, ஈப்போ கடைக்கு எத்தனை நாள் முன்னாடி கொடுக்கணும்?

——

சிமிலி100

முதல்ல ஒரே ஒரு பிரதி முழுசா அடிச்சு, மடிச்சு, வெட்டி வாங்கு. அதுக்கு மூணு நாள் வை. பேனாவோட உட்கார்ந்து பக்க வரிசை, ப்ளீட், சுழி பார்த்துத் திருத்து, அதுக்கு நாலு நாள். மிச்சம் 9 பிரதிக்கு ஒரு வாரம். ஆக கண்காட்சிக்குக் குறைஞ்சது ரெண்டு வாரம் முன்னாடி ஃபைல் கடையில இருக்கணும். திறப்புக்கு முந்தின வாரம் எல்லாக் கல்லூரிப் பிள்ளைகளும் அங்கதான் நிப்பாங்க. வாங்கினதும் பிளாஸ்டிக் உறையில படுக்க வைச்சு மேல கனமா ஏதாவது வை, ஈரக் காத்துல அட்டை வளைஞ்சிடும்.